காவலாளியின் விசில்

விலங்குக் காட்சிச்சாலையில் முதலை கிடந்த சிமெண்ட் தொட்டிக்குள் ஒரு புது ஆமையைக் கொண்டுவந்து விட்டார்கள். முதலை வாயைத் திறந்தால் தன் கதை முடிந்தது என்று ஆமை நடுங்கியது. முதலையோ கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அதன் முதுகெல்லாம் புண்.

"என்ன அண்ணே இது?"

"கல்லு. நான் உயிரோட இருக்கேனான்னு பாக்க எறியறாங்க."

"அசைஞ்சு காட்டினா விட்டுடுவாங்கல்ல?"

"மறுபடி அசையச் சொல்லி எறிவாங்க. முங்கிக்கலாம்னா தண்ணி எங்க இருக்கு?"

ஆமை நிமிர்ந்து பார்த்தது. கழுத்தில் விசில் தொங்க, காவலாளி சுவரில் சாய்ந்து நின்றான். அடுத்த கல் விழுந்தபோது சாவகாசமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மழைக்காலம் வருவதற்குள் முதலை செத்துப்போனது. கயிறு கட்டித் தூக்கிப் போனார்கள். அதே இடத்தில் சிமெண்டில் ஒரு முதலையைச் செய்து வைத்து, பச்சைப் பெயிண்ட் அடித்து, தொட்டி நிறையத் தண்ணீரும் விட்டார்கள். பார்க்க அழகாக இருக்க வேண்டாமா?

மறுநாளே ஒரு கல் வந்து சிமெண்ட் முதுகில் விழுந்தது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

காது கிழிய ஒரு விசில் கேட்டது. அந்த விசிலுக்குச் சத்தம் உண்டென்பதே ஆமைக்கு அப்போதுதான் தெரிந்தது. மெல்லத் தலையை நீட்டிப் பார்த்தது. கல்லெறிந்தவனின் சட்டையைப் பிடித்துக் காவலாளி உலுக்கிக்கொண்டிருந்தான்.

"மனுஷனாய்யா நீ? நேத்துதான் பெயிண்ட் அடிச்சிருக்கு."