இடது கை

கூண்டில் ஏறியதும் பழக்கதோஷத்தில் மீசைக்குக் கை போயிற்று.

மீசை இல்லை.

நேற்று மாலைதான் எடுத்தார். எடுக்கச் சொன்னவர் வக்கீலம்மா.

"நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்காதீங்க அண்ணாச்சி. கோவத்துல தள்ளினா கொலைக் கேஸு. உசுருக்குப் பயந்து தள்ளினா தற்காப்பு. பயந்துட்டேன்னு சொல்லுங்க, போதும்."

அண்ணாச்சி வியாபாரிகள் சங்கத் தலைவர். பஜாரில் அவர் படம் இல்லாத ஃப்ளெக்ஸ் கிடையாது. ஒவ்வொன்றிலும் பக்கத்தில் ஒரு சிங்கம். இருவருக்கும் ஒரே முறைப்பு.

அப்பேர்ப்பட்டவர் மூன்று நாள் கண்ணாடி முன் நின்று பயந்து பழகினார்.

இறந்துபோன இளநீர்க்காரர் சுடலைக்கண்ணுவின் கையில் அரிவாள் இருந்ததா என்று நீதிபதி கேட்டார்.

இளநீர் சீவுகிறவன் கையில் வேறென்ன இருக்கும்.

"இருந்துச்சுங்கய்யா. வலது கையில. வெட்டிருவானோன்னு பயந்துதான் தள்ளினேன்."

வாசலில் நின்ற சங்கத்து ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரிப்பை மறைக்கத்தான்.

அவர் பயந்தது பொய்யில்லை. அரிவாளுக்கு இல்லை, அவ்வளவுதான்.

அன்று நட்டநடு பஜாரில் இளநீர் கேட்டவரே அவர்தான். சீவிக்கொண்டே சுடலைக்கண்ணு கேட்டான்:

"ஃப்ளெக்ஸ்ல இருக்க சிங்கமும் ஸ்ட்ரா போட்டுத்தான் குடிக்குமா, அண்ணாச்சி?"

நாலு பேர் சிரித்தார்கள்.

ஒரே தள்ளு. பின்னால் சாக்கடையோரக் கல்.

கடைசி பெஞ்சில் சுடலைக்கண்ணுவின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்றார் நீதிபதி.

வலது கையைப் பற்றி எல்லாரும் கேட்டாயிற்று. இன்ஸ்பெக்டர் கேட்டார், வக்கீலம்மா கேட்டார், இப்போது நீதிபதி. இடது கையைப் பற்றி இந்த இரண்டு வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

வாயைத் திறந்தார்.

வக்கீலம்மா லேசாக இருமினார்.

"இல்லீங்கய்யா."

வெளியே வெயில் கொளுத்தியது. தீர்ப்பு நம்ம பக்கம்தான், இனிக் கவலையில்லை என்று வக்கீலம்மா சொல்லிவிட்டுப் போனார். யாரோ மாலைக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். சங்கச் செயலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஓர் இளநீரை நீட்டினார்.

ஸ்ட்ரா போட்டிருந்தது. அன்று சுடலைக்கண்ணு இடது கையால் நீட்டியதைப் போலவே.

அவர் இரண்டடி பின்னால் போனார்.

"பயந்ததெல்லாம் கோர்ட்டோட போதும் அண்ணாச்சி. பிடிங்க."

கூட்டம் சிரித்தது.

அவருக்குக் கை நீளவில்லை.