முப்பத்தெட்டாம் நம்பருக்கு மூன்று கரண்டி

"யாரும்மா அந்த முப்பத்தெட்டாம் நம்பர்?"

பிரியாணி அண்டாவின் பக்கத்தில் நின்றிருந்த விஜி கரண்டியை அண்டாவிலேயே விட்டாள். திரும்பினால், சூப்பர்வைசர் கலீலுர் ரஹ்மான்.

"எந்த நம்பர் சார்?"

"தெரியாத மாதிரி கேக்காத. ஆளுக்கு ஒரு கரண்டின்னு காலையிலேயே சொன்னேனா இல்லியா? அவருக்கு மட்டும் மூணு கரண்டி! கறித்துண்டா தேடித் தேடி வைக்கிற. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

ஷார்ஜாவைத் தாண்டி, பாலைவனத்துக்கு நடுவே இருந்தது அந்தக் குதிரைப் பண்ணை ரிசார்ட். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து லேபர் கேம்ப்பிலிருந்து குலுக்கல் போட்டு நாற்பது பேரை அழைத்து வருவார்கள். சட்டையில் நம்பர் குத்தி, ஒரு வேளைச் சாப்பாடு, குதிரை மேல் ஒரு சுற்று, அப்புறம் போட்டோ. 'சுற்றுவட்டார மக்களுக்கு எங்கள் பங்கு' என்று வாசலில் ஆங்கிலத்தில் பேனர் வேறு. வந்தவர்களில் பாதிப் பேருக்கு அதைப் படிக்கத் தெரியாது. அதனால் என்ன, குதிரைப் படத்தைப் பெரிதாகவே போட்டிருந்தார்கள்.

"கன்னமெல்லாம் ஒட்டிப்போய் இருந்தாரு சார். பாவமா இருந்துச்சு, அதான்..."

"வெயில்ல கம்பி கட்டுறவன் எவனுக்கும்மா கன்னம் ஒட்டாம இருக்கு? சரி, அது போகட்டும். எல்லாருக்கும் தயிர்ப்பச்சடி வச்ச. அவருக்கு மட்டும் வேணுமான்னுகூடக் கேக்காம விட்டியே, அது ஏன்?"

விஜி கரண்டியை எடுத்து அண்டாவின் ஓரத்தை வழித்தாள்.

"இருமிக்கிட்டே நின்னாரு சார். தயிரு ஆகாதோன்னு நெனச்சேன்."

"நல்லா சமாளிக்கிற போ."

கலீல் குரலைத் தாழ்த்தினார். கெட்ட மனிதர் இல்லை. காயல்பட்டினத்தில் அவருக்கும் மூன்று பெண்பிள்ளைகள் இருந்தார்கள்.

"இந்தா பாரும்மா. இங்க லேடீஸ் ஹாஸ்டலுக்குக் கல்யாணம் ஆகாத பொண்ணுங்களத்தான் எடுக்கிறாங்க. வெளிய போறதுன்னா மாசத்துல ஒரு புதன்கிழமை, அதுவும் கம்பெனி பஸ்ல. ஆம்பளை சகவாசம்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா, ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க. போன மாசம் கிச்சன்ல இருந்த பொண்ணு கேட் பக்கத்துல நின்னு ஒருத்தன்கிட்ட அஞ்சு நிமிஷம் பேசுச்சு. கலாஸ், அதோட முடிஞ்சுது! விசாவைக் கேன்சல் பண்ணி ஃபிளைட் ஏத்திட்டாங்க. நீ வந்து மூணு வருஷமாச்சு. உன் சம்பளத்தை நம்பி ஊர்ல ஆளுங்க இருக்காங்கல்ல?"

"இருக்காங்க சார்."

"அப்ப இனிமே அந்த ஆளு பக்கம் திரும்பக்கூடாது. புரியுதா?"

"சரி சார்" என்று அவள் அண்டாவைக் கிளற ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் மேடம் போட்டோக்காரரோடு வந்து சேர்ந்தார். வெள்ளைக்கார அம்மா. ரிசார்ட்டின் வருஷ மலருக்கு ஒரு படம் வேண்டுமாம்: சிரித்தபடி பரிமாறும் பெண், சிரித்தபடி சாப்பிடும் தொழிலாளி. சுற்றுமுற்றும் பார்த்தவர், நேராக முப்பத்தெட்டாம் நம்பரைத்தான் விரல் நீட்டிக் கூப்பிட்டார். பின்னே, தட்டு நிறைய இருந்தது அவனிடம் மட்டும்தானே!

மணிமாறன் என்ற அந்த ஆள் தட்டோடு எழுந்து வந்தான். விஜிக்கும் அவனுக்கும் நடுவே இரண்டு முழம் இடைவெளி.

"குளோஸ், குளோஸ்!" என்றார் மேடம்.

இருவரும் நகரவில்லை.

"கல்யாணம் ஆகாத பொண்ணு மேடம். முன்னப்பின்ன தெரியாத ஆம்பளை பக்கத்துல நிக்கக் கூச்சப்படுது" என்று கலீல் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். மேடம் சிரித்துக்கொண்டே வந்து, விஜியின் தோளைப் பிடித்து அவனோடு ஒட்டி நிறுத்தினார்.

"சிரிம்மா, மேடம் பாக்கிறாங்கல்ல" என்றார் கலீல்.

விஜி சிரித்தாள். கண் மட்டும் கலங்கிவிட்டது. "வெயிலு சார்" என்றாள், யாரும் கேட்காமலே.

"சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம்" என்று விஜியிடம் சொன்னான் மணிமாறன், தட்டைப் பார்த்தபடி.

"நல்லா சாப்பிடுங்க. உடம்பைப் பாத்துக்குங்க" என்றாள் அவள்.

கலீல் தொண்டையைக் கனைத்தார். அதோடு பேச்சு முடிந்தது.

மூன்று மணிக்கு டிரைவர் ஹாரன் அடித்து, "யல்லா, யல்லா" என்று விரட்டினார். நாற்பது பேரும் பஸ்ஸில் ஏறினார்கள். முப்பத்தெட்டாம் நம்பர் ஜன்னலோரம் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த விஜி, பஸ் கேட்டைத் தாண்டும்வரை தலையை நிமிர்த்தவே இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்தான் என்று கலீலுக்குத் திருப்தி.

சாயங்காலம் ஹாஸ்டலுக்கு வந்தவள், பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் போனை எடுத்தாள். ஊரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள்.

"அம்மா, குலுக்கல்ல இந்த வருஷமாவது அப்பா பேரு விழுந்துச்சா? அப்பாவைப் பாத்தியாம்மா?"

வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, விஜி போனை வாயருகே கொண்டுபோனாள்.

"பாத்தேன்டி தங்கம். மூணு வருஷத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் உங்கப்பாவுக்கு என் கையால சோறு போட்டேன்."