காலைக் கட்டிக்கொண்ட நார்

மிளகாய் நாற்று முளைத்து வளர்ந்ததெல்லாம் தேங்காய் நார்த்தூளில்தான். பெரிய தொட்டிக்கு மாற்ற வீட்டுக்காரம்மா அதை நாரோடு சேர்த்துத் தூக்கியபோது, பக்கத்துத் தொட்டி ரோஜா எட்டிப் பார்த்தது.

"உன் காலைக் கட்டிக்கிட்டு வர்றது யாரு?"

நாற்றுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "யாருன்னே தெரியலைங்க, சும்மா ஒட்டிக்கிட்டு வருது" என்று உடம்பை உதறியது. நார் பொலபொலவென்று உதிர, அதைப் பற்றியிருந்த சின்ன வேர்களும் கூடவே அறுந்தன.

மண்ணில் நட்ட நாற்று மதியத்துக்குள் துவண்டது. உதிர்ந்து கிடந்த நாரை வீட்டுக்காரம்மா அள்ளி நனைத்து, அதன் அடியில் போர்த்தினாள். நார் தன் ஈரத்தைச் சொட்டுச் சொட்டாக வேருக்கு விட்டது.

"யாரு அது?" என்றது ரோஜா மறுபடியும்.

நாற்று வாய் திறப்பதற்குள் நார் சொன்னது: "யாருமில்லைங்க. சும்மா ஒட்டிக்கிட்டு வந்தேன்."

சாயங்காலம் இலையெல்லாம் நிமிர்ந்த பிறகும் நாற்று தலையைத் தூக்கவில்லை.