அழுத்தினாலும் உடையாது

“விலை எவ்வளவானாலும் பரவாயில்லை. லெட் மட்டும் உடையக் கூடாது” என்றார் அவர்.

ஸ்டேஷனரிக் கடைக்காரர் கிளட்ச் பென்சில்களைக் கண்ணாடி மேஜையில் பரப்பினார். “யாருக்கு சார்?”

“என் மனைவிக்கு. நாள் முழுக்க எழுதுவா. எழுதப் பொறுமை இல்லேன்னா படமா வரைஞ்சுடுவா. அதுவும் படுத்துக்கிட்டே. மல்லாந்து எழுதினா பேனா மக்கர் பண்ணுது.”

கடைக்காரர் சிரித்தார். “ஆர்ட்டிஸ்டுன்னாலே அப்படித்தான் சார். இதைக் கொடுங்க. ஆறு பட்டை, கட்டில்லேர்ந்து உருளாது. தடிமனான லெட், கோபத்துல அழுத்தினாலும் உடையாது. உங்க வீட்டம்மா கொடுத்து வச்சவங்க! பொண்டாட்டி சொல்றதைக் காது கொடுத்துக் கேட்கிற புருஷன் எத்தனை பேருக்குக் கிடைக்கிறான்?”

அவருக்குச் சுருக்கென்றது. கடைக்காரரின் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கினார்.

ஆஸ்பத்திரி அறையில், கழுத்தைச் சுற்றிய கட்டோடு மனைவி படுத்திருந்தாள். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். “கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா குரலைக் காப்பாத்தியிருக்கலாம்” என்று டாக்டர் சொன்னபோது, அவள் கணவரைத்தான் பார்த்தாள்.

தொண்டை வலிக்கிறது என்று அவள் மாதக்கணக்கில் சொன்னபோதெல்லாம், “ஓயாம தொணதொணன்னு பேசினா வலிக்காம என்ன செய்யும்?” என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னவர் அவர்.

பென்சிலை அவள் விரல்களுக்கிடையில் வைத்தார். “எழுதிப் பாரு. நல்லா இருக்கா?”

அட்டையில் செருகிய தாளில் அவள் அழுத்தி அழுத்தி எழுதினாள். லெட் உடையவில்லை. தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

“இப்பவாவது காதுல விழுதா?”