கடலுக்குள் பாயா

ரோமாபுரிப் பணக்காரர்கள் குளித்துக் கும்மாளமடித்த பாயா என்ற ஊர், இத்தாலியில் கடலுக்குள் மூழ்கிக் கிடக்கிறது. "பாயாவுக்குப் போ" என்று தமிழில் சொன்னால், தானே பறக்கும் வண்டிகளில் மாதத்துக்கு ஒன்றாவது என் ஆட்டுக்கால் பாயா கடை வாசலில் வந்து இறங்கிவிடும். வண்டியைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரும் கடலுக்குள்தான் இருக்கிறது. சனமெல்லாம் வேறு ஊர்களுக்குப் போய்விட்டது. மிச்சம் இந்த மேடும் நானும்தான்.

நேற்று நீச்சலுடையில் ஒரு பெண் இறங்கினாள். கோயம்புத்தூர்க்காரி, பெயர் சம்யுக்தா.

"பாய், இதுதானே பாயா?"

"இதேதாம்மா. சூடா இருக்கு, உக்காரு."

கடலுக்கு மேலே ஒரே ஒரு மொட்டைமாடி தெரிந்தது.

"அது யார் மாளிகை?"

"ராஜா மாளிகை. ஏழு பொண்டாட்டி, எழுபது குதிரை."

"மாடில கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி இருக்கே?"

"குளிக்கிற ஊராச்சே, தொட்டி இல்லாமலா?"

அவள் சிரித்தாள். பிறகு என்னையே பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்குள் வண்டி கேட்டது: "இடம் தவறா? சொன்னால் திருத்திக்கொள்வோம். இனி எந்த வண்டியும் இங்கே வராது."

நான் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சரியான இடம்தான்" என்று வண்டியிடம் சொல்லிவிட்டு, கிண்ணத்தை நீட்டினாள். "ராஜா கதைய முடிங்க பாய்."

"ஏழுன்னது பொய்ம்மா" என்றேன். "ஒருத்திதான்."