வயிற்றில் வைக்கும் கை

“இன்னும் ஒருக்கா,” என்றிருந்தாள் அவள், காரை நிறுத்தியதும். “இதுதான் கடைசி. திங்கட்கிழமை ஊசி தொடங்கலாமாம்.”

“போன முறையும் கடைசி எண்டுதான் சொன்னனி.”

“சொன்னன். அதுக்கென்ன இப்ப?”

அவன் குனிந்து முக்குளிக்கும் காலுறையை மாட்டினான்.

“முகத்தை அப்பிடி வைச்சிருக்காதேங்கோ. ரெண்டு சிங்கி இறால் காணும் எங்களுக்கு, அதுக்கு மேலை வேண்டாம். அதையாவது கையை விட்டு நழுவவிடாமல் இருந்தால் சரி. இல்லாட்டி நாளைக்கும் பருப்பும் சோறும்தான்.”

இப்போது கடலடியில் பேச்சில்லை. இரண்டு டார்ச் வெளிச்சங்கள். அவற்றுக்கு வெளியே ஒன்றுமில்லை.

நியூசிலாந்தின் தென்கரைக் கடல். கோடையிலும் எலும்புக்குள் இறங்கும் குளிர்.

பாறை இடுக்கில் கைவிட்டுச் சிங்கி இறாலைப் பிடிப்பது அவள். வாலடியைத் தடவிப் பார்ப்பது அவன். அதற்காகவே ஒரு கையுறையைக் கழற்றிவிடுவான். விரல் மரத்துப்போவதற்குள் பார்த்துவிட வேண்டும். முட்டை கட்டியிருந்தால் கொண்டுபோகக் கூடாது. அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

முட்டை இருக்கிறது என்று சொல்ல ஒரு சைகை வைத்திருந்தார்கள். வயிற்றில் உள்ளங்கையை வைப்பது.

கல்யாணமான புதிதில் அவள் கண்டுபிடித்தது. அவன் முதன்முதலாகச் செய்து காட்டியபோது, சிரித்த சிரிப்பில் அவள் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

இரண்டாவது குழந்தையும் வயிற்றில் தங்காமல் போன பிறகு, அந்தச் சைகை அவனுக்கு வரவில்லை.

கை பாதி தூரம் போகும். நின்றுவிடும்.

அதனால், முட்டை கட்டியது கையில் வந்தால் பிடியைத் தளர்த்திவிடுவான். அது வாலை அடித்துப் பின்னோக்கிப் பாய்ந்து மறைந்துவிடும். நழுவிவிட்டது என்று அவளுக்கு இரு கைகளையும் விரித்துக் காட்டுவான். கரையேறியதும் ஏசுவாள். எதுவும் வழுக்கும் வெண்ணெய்க் கை என்பாள். வாங்கிக்கொள்வான்.

மூன்றாவதும் போன பிறகும் அப்படித்தான்.

குழந்தைக்கான இந்தச் சிகிச்சையை நிறுத்திவிடுவோமா என்று அவளிடம் கேட்க வேண்டும். ஊசி குத்திக் கன்றிய அவள் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் அது அவன் வாய்வரை வரும். கேட்டால், தன்னைக் கைவிட்டுவிட்டான் என்று நினைத்துவிடுவாளோ?

விழுங்கிவிடுவான்.

அவள் ஒன்றை இழுத்தெடுத்து நீட்டினாள். நல்ல பெரியது. அதன் நீண்ட மீசை அவன் தோளில் உரசியது.

வாலடியில் விரலை வைத்தான்.

குறுணி குறுணியாய் முட்டை. வால் நிறைய.

பிடியைத் தளர்த்தப் போனான்.

அவள் கை வந்து அவன் கையைப் பிடித்தது. விடவில்லை.

இறாலைப் புரட்டி, டார்ச்சைக் கிட்டக் கொண்டுபோனாள். அடர்ந்த செம்மஞ்சள். அவன் அவள் முகத்தையே பார்த்தான். அதில் திகைப்பு இல்லை. அவன் வேண்டுமென்றே நழுவவிட்ட ஒவ்வொன்றையும் அவள் அறிந்திருந்தாள்.

மெதுவாக உள்ளங்கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

இருவருமாக விட்டார்கள். இறால் ஒரே பாய்ச்சலில் இருட்டுக்குள் போய்விட்டது.

அவள் கை மட்டும் வயிற்றிலேயே இருந்தது.

மேலே வந்தார்கள். அலை தூக்கித் தூக்கிப் போட்டது. கரை எந்தப் பக்கம் என்று உடனே பிடிபடவில்லை.

அவள் காற்றுக்குழாயை வாயிலிருந்து எடுத்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தான்.

ஏசவில்லை. பற்கள் அடித்துக்கொள்ள, அவன் தோளைப் பிடித்தபடி மிதந்தாள்.

அவனும் குழாயைத் துப்பினான். உதடுகள் மரத்திருந்தன.

“காணும், வதனி,” என்றான். “இனி ஊசி வேண்டாம். எனக்கு நீ காணும்.”