ஏழு மணித் துடிப்பு

"கழட்ட விட மாட்டேன்."

அந்த அம்மாள் இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்துக்குக் கீழிருந்து ஒயர்கள் இறங்கி, இடுப்பில் தொங்கிய சின்னப் பெட்டிக்குள் போயின.

ஆஸ்பத்திரியின் அந்தச் சிறிய அறையில், டெக்னீஷியன் பெண்ணுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, இது என்ன நகையா? ஒரு நாள் முழுக்க உங்க இதயத் துடிப்பைப் பதிவு பண்ணத்தான் நேத்து மாட்டினோம். பதிவாயிடுச்சு. வேலை முடிஞ்சுது."

"இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்."

"வெளியே ஒரு லாரி டிரைவர் உக்காந்திருக்காரு. வண்டி ஓட்டும்போது கண்ணு இருட்டுதாம். அவருக்கு மாட்டணும். இன்னிக்கு இந்தப் பெட்டி அவருக்குத்தான்."

பக்கத்தில் நின்ற கணவர் குனிந்து, பெட்டியைப் பார்த்தபடி பஞ்சு மாதிரி பேசினார்.

"கழட்டிடலாம்மா. பாவம், அவங்களும் எவ்வளவு நேரம் காத்திருப்பாங்க. உனக்குக் களைப்பா இருக்கா? தண்ணி கொண்டு வரட்டுமா?"

இவ்வளவு தங்கமான மனுஷருக்கு இப்படி ஒரு பிடிவாதக்காரியா என்று டெக்னீஷியன் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரி, கழட்ட வேண்டாம். பெட்டியில இருக்கிற கார்டை மட்டும் எடுக்க விடுங்க. என்ன பதிவாயிருக்குன்னு பாப்போம்."

அதற்கு மட்டும் அந்த அம்மாள் இடம் கொடுத்தாள். கம்ப்யூட்டர் திரையில் மேடும் பள்ளமுமாகக் கோடு ஓடியது.

"பாருங்க. படபடன்னு வருது, காதுக்குள்ள துடிக்குதுன்னு சொன்னீங்களே, அப்படி எதையும் காணோம். டாக்டர் பாத்துட்டு உறுதியாச் சொல்லுவாரு."

"சாயந்திரம் ஏழு மணிக்கு எப்படி இருக்கு?"

டெக்னீஷியன் கோட்டைத் தள்ளிப் பார்த்தாள். "ஏழு மணிக்கும் நல்லாத்தான் இருக்கு. எழுபத்திரண்டு."

"அப்போ இது தப்பு. ஏழு மணிக்கு அப்படி இருக்காது."

"மெஷின் பொய் சொல்லாதும்மா."

"என் நெஞ்சு மட்டும் பொய் சொல்லுமா?"

டெக்னீஷியன் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இங்க கேளுங்க. இதயத்தோட மேல் அறையில ஒரு சின்ன இடம் இருக்கு. அங்கேயிருந்து கரண்ட் மாதிரி ஒண்ணு கிளம்பிக் கீழே பரவும். உடனே சதை இறுகி, ரத்தத்தைக் குழாய்க்குள்ள தள்ளும். மாடிப்படி ஏறினா வேகமாத் தள்ளும். பயந்தாலும் அப்படித்தான். ஒரு ஆபத்துன்னா கை காலுக்கு ரத்தம் போய்ச் சேரணும், ஓடத் தயாரா இருக்கணும், அதுக்குத்தான் அந்த வேகம். காரணமே இல்லாம, சும்மா உக்காந்திருக்கும்போது எகிறினாத்தான் நாங்க யோசிக்கணும். உங்களுக்கு அதுவும் இல்லை."

"ஓடத் தயாரா இருக்கிறதுக்கா?" என்று அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா. இப்ப நீங்க தயவுபண்ணி எந்திரிச்சாப் போதும், ஓட வேண்டாம்."

கதவு திறந்தது. லாரி டிரைவர் தலையை நீட்டினார். "சிஸ்டர், நான் இருக்கட்டுமா, இல்ல அடுத்த ஜென்மத்துல வரட்டுமா?"

"அஞ்சு நிமிஷம் அண்ணே." கதவு மூடியதும் டெக்னீஷியன் திரும்பினாள். "பாருங்கம்மா, உங்களால இப்ப எனக்கு எகிறுது."

"தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார் கணவர், அதே பஞ்சுக் குரலில்.

"நீங்க போயி எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வர்றீங்களா?" என்றாள் அந்த அம்மாள்.

"இதோ. சர்க்கரை கம்மியாத்தானே?" கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

"இப்படி ஒருத்தர் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும். நீங்க என்னடான்னா..."

அந்த அம்மாள் நெஞ்சிலிருந்து கையை எடுத்தாள்.

"கல்யாணம் ஆனதிலேருந்து எனக்குப் பேரே 'ஏய்'தான்மா. சாயந்திரம் ஏழு மணிக்கு அவர் செருப்புச் சத்தம் வாசல்ல கேக்கும். அன்னிக்கு எதுல குத்தம் ஆரம்பிக்கும்னு தெரியாது. துண்டு ஈரமா இருக்கலாம், கதவு திறக்க லேட்டாயிருக்கலாம். அவர் கத்துறது தெருக்கோடி வரைக்கும் கேக்கும். நேத்து ஒரு வார்த்தை கத்தல."

"நேத்து மட்டும் ஏன்?"

"இந்தப் பெட்டியில வீட்டுல பேசுறதெல்லாம் பதிவாகும், டாக்டர் உக்காந்து கேப்பாருன்னு சொல்லி வெச்சேன்."

திரையில் ஏழு மணிக் கோடு அப்படியே நின்றிருந்தது.

"நீ கழட்டிக்கோம்மா. அந்த டிரைவரும் பாவம்" என்றாள் அந்த அம்மாள். தானே ஒயர்களை விலக்கிக் காட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, கையில் பெட்டியோடு டெக்னீஷியன் வெளியே வந்து டிரைவரைக் கூப்பிட்டாள். டீயோடு வந்த கணவர், அவள் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். அவர் முதுகு நிமிர்ந்தது. அறைக்குள் எட்டிப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"ஏய், எந்திரி. இங்கேயே குடியிருக்கப் போறியா? மனுஷனுக்கு வேற வேலை இல்லைன்னு..."

"சார், மெதுவா" என்றாள் டெக்னீஷியன். "இது பழசு. அவங்களுக்கு இப்ப மாட்டியிருக்கிறது புது மாடல், வெளியே தெரியாது. இன்னும் தெளிவாக் கேக்கும்."